மேகத்துக்கு ஒரு கட்டம்

ஆய்விதழிலிருந்து வந்த கடிதம் ஒன்றரைப் பக்கம். முதல் பக்கம் முழுக்கப் பாராட்டு. விஷயம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. என் முப்பத்தொரு பதிவுகளில் நான்கு மட்டும் வளைகோட்டில் உட்காரவில்லை என்றும், அந்த நான்குக்கும் காரணம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முடிவைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் என் கட்டுரையின் மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். காரணமில்லாமல் தூக்கிப் போடுவதை ஏற்க மாட்டார்களாம். பதினான்கு நாள் அவகாசம்.

ஐந்து வருடங்களாக நான் ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து வந்தேன். பார்த்து வந்தேன் என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் நான் பார்த்தது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, நீளமான பட்டையாக விரித்துக் கணினியில் பதிந்ததை. அதற்கு நிறமாலை என்று பெயர். அந்தப் பட்டையின் குறுக்கே ஆயிரக்கணக்கான கருங்கோடுகள் ஓடும். மஞ்சளில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சோடியத்துடையவை. இரும்புக்குக் கணக்கில்லை. நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் எல்லாக் கோடுகளும் நீலப் பக்கம் ஒரு மயிரிழை நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம். என் நட்சத்திரத்தின் கோடுகள் பதினொரு நாளுக்கு ஒருமுறை அப்படிப் போய் அப்படியே திரும்பி வந்தன. அந்த ஆட்டத்தை வரைந்தால் வருவதுதான் கடிதம் சொன்ன வளைகோடு. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறது என்று அர்த்தம். ஒரு கோள்.

கட்டுரை ஏற்கப்பட்டால் என் பதவி மூன்று வருடம் நீளும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மேசைச் சாவியைத் துறைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். இதை அவர் என்னிடம் நேரிலேயே சொல்லியிருந்தார். ஒளித்துப் பேசத் தெரியாத மனிதர்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவர் என் வரைபடத்தைப் பார்த்தார், அந்த நான்கு புள்ளிகளின் தேதிகளைப் பார்த்தார், எழுந்து இரும்பு அலமாரியிலிருந்து ஊழியர் கோப்பு ஒன்றை எடுத்தார்.

"நாலு நாளும் குடைதான் டூட்டில இருந்திருக்கான். உங்க லெட்டரே இருக்கு பாருங்க. இதையே காரணமா எழுதுங்க. அவன் இருந்த ஒன்பது நாளையும் மொத்தமா எடுத்துடுங்க. மீதி இருபத்திரண்டு போதும்."

குடை என்பது எங்கள் தொலைநோக்கியில் வேலை பார்த்த உதவியாளருக்கு, கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். வானம் சுத்தமாக இருக்கும்போதே "மேகம் வரும்போல இருக்கே" என்பார். சொல்லி வாய் மூடுவதற்குள் வந்துவிடும். அவர் உள்ளே நுழைந்தாலே யாராவது "குடை வந்தாச்சு, மூட்டையக் கட்டு" என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

கோப்பில் இருந்த கடிதம் இரண்டு வருடங்களுக்கு முன் நான் எழுதியது. நான் படித்த பள்ளியில் ஒரு மொழி ஆசிரியர், புகாரோ நன்றியோ எதுவானாலும் எண் போட்டு எழுத வேண்டும் என்று அடித்துச் சொல்லுவார். அந்தப் பழக்கம். ஒன்று, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே இவர் அறையை விட்டு அடிக்கடி வெளியே போகிறார். இரண்டு, இவர் இருந்த நாட்களில் சில பதிவுகளில் ஒளி மிகக் குறைவாக இருக்கிறது. மூன்று, ஆகவே இவருக்கு வேறு பொறுப்பு தரப் பரிந்துரைக்கிறேன். கீழே என் கையெழுத்து, நல்ல தெளிவாக.

அதற்குப் பிறகு அவரைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். அதைக் கேள்விப்பட்ட அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுகூட எனக்கு நினைவில்லை.

தலைவர் சொன்ன வழி சுலபமானது. அதைத்தான் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் அக்காவோடு இருக்கிறேன். அக்கா தையல்காரி, வீட்டின் முன்னறைதான் கடை. நான் போனபோது ஒரு மேல்சட்டையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தாள்.

என் வேலை அவளுக்குப் புரியாது என்று அவள் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. முன்பொருமுறை இரண்டு அளவு நாடாக்களை மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் காட்டியிருந்தேன். ஒன்று நட்சத்திரத்தின் பட்டை. மற்றது விளக்கின் பட்டை. ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் பின்னும் எங்கள் கருவிக்குள் ஒரு விளக்கை ஏற்றி அதையும் பதிவோம். அதன் கோடுகள் எங்கே இருக்க வேண்டும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அதை ஒட்டி வைத்துப் பார்த்தால் நட்சத்திரத்தின் நாடா எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். அப்போது அக்கா, "ஒரு நூல் அகலம் நகருமா?" என்று கேட்டாள். நூலை ஆயிரமாகக் கிழித்தால் ஒரு கிழிசல் என்றேன். "இதுக்கு நீ என்கிட்ட பொத்தான் தைக்கவே வந்திருக்கலாம்" என்றாள்.

இப்போது கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தலைவர் சொன்னதையும் சொன்னேன். அந்த நாட்களில் ஒளி குறைவு, அவர் கவனக்குறைவாக இருந்தார், அவ்வளவுதான் என்றேன். அக்கா மறுபடி நூலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"வெளிச்சம் வரலேங்கறியே, எப்ப வரலே?"

"எப்பன்னா? அந்த ஒரு மணி நேரத்துல மொத்தமா கம்மி."

"மொத்தத்த விடுடி. நானும் காலைல ஒரு மணி நேரம் கடையத் திறந்துதான் வெச்சிருந்தேன். வந்த நாலு பேரும் முதல் பத்து நிமிஷத்துலயே வந்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் ஈ ஓட்டிட்டு இருந்தேன். கடை ஒரு மணி நேரம் திறந்திருந்துச்சுன்னு எழுதினா, அவங்க எப்ப வந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

எழுந்து உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். நட்சத்திரம் மட்டும் நகரவில்லை, நாமும் நகர்கிறோம். பூமி சுழல்வதால் தொலைநோக்கியே நட்சத்திரத்தை நோக்கிக் கொஞ்சம் போகிறது, பிறகு கொஞ்சம் விலகுகிறது. அந்த வேகத்தைக் கணக்கிட்டுக் கழித்த பிறகுதான் நட்சத்திரத்தின் சொந்த வேகம் கிடைக்கும். நம் வேகமோ நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆகவே எந்த நிமிடத்தின் வேகத்தைக் கழிப்பது என்பது முக்கியம். நான் எப்போதும் ஒரு மணி நேரத்தின் நடுவை, அதாவது முப்பதாவது நிமிடத்தை எடுத்துக்கொண்டேன். ஒளி சீராக வந்தால் அது சரி. முதல் இருபது நிமிடத்தில் ஒளி வந்து, பிறகு மேகம் மூடிவிட்டால்? நேரத்தின் நடு முப்பது. ஒளியின் நடு பத்து. இருபது நிமிட வித்தியாசத்தில் நொடிக்கு முப்பது நாற்பது மீட்டர் பிசகும். என் நட்சத்திரம் மொத்தமாக ஆடுவதே ஐம்பத்தைந்து மீட்டர்.

மேகம் எப்போது வந்தது என்று தெரிந்தால் போதும். பழைய பதிவுத் தாள்களைத் தேடி எடுத்தேன். தாளில் ஐந்து கட்டங்கள்: தேதியும் நட்சத்திரமும், தொடக்கம், முடிவு, விளக்கு ஏற்றிய நேரம், கையெழுத்து. அவ்வளவுதான். மேகத்துக்கு இடமே இல்லை.

அந்தத் தாளை வடிவமைத்தது நான்தான். அதற்கு முன் இருந்த தாளில் கடைசியில் அகலமாக ஒரு கட்டம் இருந்தது. ஆளாளுக்கு அதில் எதையாவது கிறுக்கி வைத்தார்கள் என்று எடுத்துவிட்டேன். புதுத் தாளைக் கொடுத்த அன்று குடை என்னிடம், மேகம் வந்தால் எங்கே எழுதுவது என்று கேட்டார். மேகம் வந்தால் ஒளி குறையும், அதைக் கருவியே சொல்லிவிடும், நீங்கள் எழுத வேண்டாம் என்று சொன்னேன். சரிங்க மேடம் என்று தாளை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் எங்கே இருக்கிறார் என்று பட்டறையில் விசாரித்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார் என்றார்கள். போவதற்கு எனக்கு இரண்டு நாள் பிடித்தது. முதல் நாள் தெருமுனை வரை போய், நின்று, திரும்பி வந்தேன். அக்காவிடம் கடை பூட்டியிருந்தது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குப் போனேன். சின்னக் கடை. ஒரு சுவர் முழுக்கச் சட்டகங்கள், எதிர்ச் சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துப் பலகை, நடுவில் ஒரு உயரமான நாற்காலி. மூலையில் கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தது. அவர் அதன் முன் குனிந்திருந்தார். அவர் மனைவி கல்லாவில் உட்கார்ந்து ஒரு சட்டகத்தின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம்" என்றார் குடை, இயந்திரத்தை நிறுத்திவிட்டு. ஏதோ நேற்றுத்தான் பார்த்தது போல. "கிட்டப் பார்வையா, தூரப் பார்வையா?"

ரெண்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது நகைச்சுவை வரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: இதழின் கடிதம், நான்கு புள்ளிகள், மேகம், என் தாள். என் புகார்க் கடிதத்தைப் பற்றி மட்டும் சட்டகங்களைப் பார்த்தபடி சொன்னேன்.

"அது நல்ல லெட்டர் மேடம். நம்பரெல்லாம் போட்டு அழகா எழுதியிருந்தீங்க. சார் எனக்கே படிச்சுக் காட்டினாரு."

அவர் மனைவி திருகுளியைக் கீழே வைத்தார். "இவங்கதானாங்க அது? உக்காருங்கக்கா. உங்க லெட்டராலதான் எங்க வீட்டுல ராத்திரி ஒரு மனுஷன் இருக்காரு. கல்யாணமாகி ஆறு வருஷம் நான் சுவத்தோட குடும்பம் நடத்தினேன்."

அவர் சொன்னது கேலியா உண்மையா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு நாற்காலி இல்லை. குடை கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மேடம். எதுக்கு வெளிய போறேன்னு."

"கேட்டிருக்கணும்" என்றேன். "தப்பு என்னோடதுதான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கல்லாவுக்குக் கீழே கைவிட்டுத் தடித்த அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். பின் பக்கத்திலிருந்து திறந்தால் வாடிக்கையாளர்களின் கண் அளவுகள்: வலது இவ்வளவு, இடது இவ்வளவு. முன் பக்கத்திலிருந்து திறந்தால் மேகங்கள்.

ஒவ்வொரு நாளுக்கும் அரைப் பக்கம். மணி, நிமிடம், எந்தத் திசையிலிருந்து வந்தது, மெல்லியதா தடித்ததா, நட்சத்திரம் எவ்வளவு மங்கியது, எப்போது தெளிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி. அதற்காகத்தான் வெளியே போயிருக்கிறார். உள்ளிருந்தபடி வானம் தெரியாது. எனக்காக எழுதினீர்களா என்று கேட்டேன்.

"உங்களுக்குன்னு இல்ல. நீங்கதானே சொன்னீங்க, அந்த வெளிச்சம் கிளம்பி ஐம்பத்து மூணு வருஷம் ஆச்சுன்னு. அவ்வளவு தூரம் வந்துட்டு, நம்ம ஊரு வாசல்ல வந்து மேகத்துல மாட்டிக்குது. எப்ப மாட்டுச்சுன்னாவது யாராவது எழுதி வெக்கணும்ல? தாள்ல இடமில்ல. அதான் நோட்டு வாங்கினேன்."

நோட்டைக் கொடுத்தனுப்ப முடியாது என்றார். பின் பக்கத்தில் ஊர்க் கண்ணெல்லாம் இருக்கிறது. நான் அங்கேயே உட்கார்ந்து நகல் எடுத்தேன். வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் நாற்காலியைக் காலி செய்து கொடுத்துவிட்டு, கல்லா ஓரமாக நின்று எழுதினேன். ஒரு பெரியவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தப்புத் தப்பாக வாசித்துவிட்டு, பலகை சரியில்லை என்று சண்டை பிடித்தார். குடை பொறுமையாக, பலகையை மாற்றிவிடலாம், அதற்குள் இந்தக் கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள் என்றார். அவர் மனைவி எனக்குத் தேநீர் கொடுத்தார். நோட்டில் சிந்திவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

முதல் நாள்: இருபதாவது நிமிடத்தில் மேற்கிலிருந்து தடித்த மேகம், கடைசி வரை விலகவில்லை. இரண்டாம் நாள் நேர்மாறு. முதல் அரை மணி மூடியிருந்து பிறகு தெளிந்தது. மூன்றாம் நாள் முதல் நாளைப் போலவே. எழுதும்போதே எனக்குத் தெரிந்தது: வளைகோட்டுக்கு மேலே நின்ற இரண்டு புள்ளிகள் ஒரு மாதிரி, கீழே நின்றது மறு மாதிரி. நான்காம் தேதியைத் தேடிப் பக்கத்தைப் புரட்டினேன். "வானம் முழுக்கத் தெளிவு" என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி அடித்திருந்தது. அடித்ததற்குக் கீழே வேறொரு வரி.

ஒன்றை நான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நான்காம் பதிவில் ஒளி குறையவே இல்லை. மற்ற மூன்றோடு சேர்த்து வசதியாக ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டேன்.

குடை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"அன்னிக்கு மேகம் இல்ல மேடம். அன்னிக்கு நான்."

நடந்ததைச் சொன்னார். ஒரு மணி நேரம் முடிந்ததும் கருவி தானாகவே மூடிக்கொண்டது. உடனே விளக்கை ஏற்றி அதன் பட்டையைப் பதிந்திருக்க வேண்டும். அதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டார். விழித்துப் பார்த்தபோது எழுபது நிமிடம் ஆகியிருந்தது. அறை குளிர்ந்து, கருவியும் சுருங்கி, விளக்கின் கோடுகள் இடம் மாறிவிட்டன. அளவு நாடாவே நகர்ந்துவிட்டது போல. என் தாளில் உடனே ஏற்றியதாக நேரம் போட்டார். நோட்டிலும் முதலில் அதையே எழுதி, பிறகு அடித்துவிட்டு உண்மையை எழுதினார். என்னிடம் சொல்லலாம் என்று மறுநாள் காலையில் வந்தாராம். அதற்குள் என் கடிதம் தலைவர் மேசைக்குப் போய்விட்டிருந்தது.

அவர் மனைவிக்கு அது தெரியாது என்பது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. "தூங்கிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். குடை அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"எழுதிக்குங்க. தூங்கினேன்னே போடுங்க. நாலும் மேகம்னு சொன்னா அந்த ஒண்ணு உங்கள விடாது."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அவர் நோட்டை நீட்டியிருக்கலாம். நோட்டே இல்லை என்றும் சொல்லியிருக்கலாம்; யார் கேட்கப் போகிறார்கள். அவருக்கு இதில் வருவது ஒன்றுமில்லை. போவதுதான் உண்டு: கவனக்குறைவானவர் என்று நான் எழுதியது, அந்த ஒரு நாளளவில், உண்மை என்று ஆகிவிடும். அதைத் தெரிந்தே விரலை வைத்துக் காட்டினார். நான் அந்த வரியையும் அப்படியே நகல் எடுத்தேன்.

கணக்கைப் புதிதாகப் போட இரண்டு நாள் ஆனது. முதல் புள்ளி இறங்கி வந்து கோட்டில் உட்கார்ந்தது. இரண்டாவது ஏறி வந்தது. மூன்றாவது கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது; மேகம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதானே எழுதப்பட்டது, அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. நான்காவது இருந்த இடத்திலேயே இருந்தது. அதை நான் அசைக்கவில்லை.

இதழுக்கு எழுதிய பதிலில் மூன்று எண்கள் இருந்தன. ஒன்று, மூன்று பதிவுகளில் மேகத்தால் ஒளியின் நடு மாறியது. கையால் எழுதிய குறிப்புகளின் நகல் இணைப்பில் உள்ளது. இரண்டு, நான்காவதில் பதிவு முடிந்து எழுபது நிமிடம் கழித்தே விளக்கு பதியப்பட்டது; அதனால் அதை விலக்குகிறேன். ஏன் எழுபது நிமிடம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று, பதிவுத் தாளில் வானிலைக்கு இடமில்லாமல் செய்தது நான், பிழை என்னுடையது.

இதே மூன்றாவது வரியைத் தனியாக இன்னொரு கடிதமாக எழுதி, தலைவரிடம் கொடுத்து, என் பழைய புகார் இருந்த அதே கோப்பில் அதற்கு மேலே வைக்கச் சொன்னேன். அவர் படித்துவிட்டு, "இதெல்லாம் தேவையா?" என்றார். தேவை என்றேன். வைத்தார்.

ஏற்றுக்கொண்டதாக இதழின் கடிதம் மாதக் கடைசிக்கு நான்கு நாள் முன்பு வந்தது. இந்த முறை அரைப் பக்கம்தான். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்படியானால் சாவி உன்னிடமே இருக்கும் என்றாள். பிறகு, "அந்த நாலு பேரும் எப்ப வந்தாங்கன்னு கேட்டது யாருன்னு எழுதினியா?" என்றாள். எழுதியிருந்தேன். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பகுதியில் இரண்டு பெயர்கள் இருந்தன, ஒன்று அவளுடையது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது போல் ஊசியில் நூல் கோத்தாள். மூன்று தடவை தவறியது.

அச்சான பிரதியைக் கடைக்குக் கொண்டுபோனேன். குடை பின்பக்கத்தைத் திருப்பி, கையிலிருந்த உருப்பெருக்கியை வைத்து அந்தப் பகுதியைப் படித்தார். அவர் பெயரும், அதற்குப் பிறகு ஒரே ஒரு வாக்கியமும்: மேகம் வந்த நேரங்களை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதி வைத்தவர், அவை இல்லாமல் இந்தக் கோள் இல்லை. அவர் மனைவியும் வாங்கிப் படித்தார்.

"தூங்கினத போடலையாக்கா?"

"அது அறிவியல் இல்லீங்க. அது குடும்ப விஷயம்."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். குடை சிரிக்கவில்லை. பிரதியை நோட்டின் முன் பக்கத்துக்குள், மேகங்கள் இருந்த பாதியில், மடிக்காமல் செருகி வைத்தார்.

நான் பையிலிருந்து புதிய பதிவுத் தாளை எடுத்துக் கொடுத்தேன். ஆறு கட்டங்கள். ஆறாவது மற்ற ஐந்தையும் சேர்த்தால் வரும் அகலம். தலைப்பு: வானம். அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கட்டத்தின் அகலத்தை விரலால் அளந்தார்.

"வரி போடலையே மேடம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா பன்னிரண்டு வரி வேணும்."

பேனாவை வாங்கிக் கல்லாவின் மேல் தாளை வைத்து, சட்டகம் அளக்கும் அளவுகோலால் அவரே பன்னிரண்டு கோடுகள் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைத்தான் அச்சுக்குக் கொடுத்தேன்.